பிரேக்கக்காவும் இடப்பக்கம் இழுத்த வண்டியும்

என் மனைவிக்கு எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் பிரேக்கக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அவளுடைய சின்னச் சிவப்புக் காரில் கற்றுக்கொள்ள வருபவர் ஓட்டுநர் இருக்கையில் இருப்பார், இவள் பக்கத்து இருக்கையில். இவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தக் காலுக்கு ஓய்வே கிடையாது. வீட்டில் டிவி பார்க்கும்போது படத்தில் எவனாவது வேகமாக வண்டி ஓட்டினால், சோபாவில் உட்கார்ந்தபடியே இவள் வலது கால் தரையை அழுத்தும். தூக்கத்தில்கூட ஒன்றிரண்டு முறை எனக்கு உதை விழுந்திருக்கிறது. கேட்டால், குறுக்கே யாரோ வந்துவிட்டார்கள் என்பாள்.

நான் தையற்காரன். எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவளின் புருஷன் இன்னும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான் என்பது தெருவுக்கு அலுக்காத வேடிக்கை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவளிடம் பாடம் கேட்க உட்கார்ந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. காரா குடும்பமா என்று யோசித்துப் பார்த்துக் குடும்பமே போதும் என்று இறங்கி வந்துவிட்டேன்.

அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் சாமானியத்தில் தோற்கமாட்டார்கள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு, வெளியில் காட்டிக்கொள்ளமாட்டாள், அவ்வளவுதான். ஆனால் ஒரு வருடமாக நிலைமை மாறியிருந்தது. முன்பெல்லாம் லைசென்ஸ் தேர்வுக்கு அவரவர் கற்றுக்கொண்ட வண்டியிலேயே போகலாம். இப்போது லைசென்ஸ் அலுவலகம் தன் சொந்தக் காரைக் கொடுத்து அதில்தான் ஓட்டச் சொல்கிறது. அதிலிருந்து இவளுடைய ஆட்கள் ஒவ்வொருவராகத் தோற்க ஆரம்பித்தார்கள். புது வண்டி, பதற்றம் என்று இவளும் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்படித் தோற்றவர்களில் ஒருத்தி நர்ஸ். முப்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் இரவு வார்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை ஒன்று அங்கேயே காலியாக இருந்தது. முழுக்கப் பகல் வேலை. இரவில் அம்மா பக்கத்தில் இல்லாமல் தூங்கமாட்டேன் என்று அவளுடைய சின்னப் பெண் தினமும் அழுகிறது, அதனால் அந்த வேலைமேல் அவளுக்கு உயிர். ஆனால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். இரண்டு முறை தோற்றாகிவிட்டது. மூன்றாவது தேர்வு வருகிற திங்கட்கிழமை. அதிலும் தோற்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை அவள் பாடத்துக்கு வந்தபோது நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அவளை உட்காரவைத்து, போன தடவை என்னதான் நடந்தது என்று மறுபடி கேட்டாள்.

"அதேதான் டீச்சர். நடுக்கோட்டைத் தாண்டிட்டேனாம். ரெண்டு தடவையும் அதையேதான் எழுதியிருக்காங்க."

"நம்ம வண்டியில ரோட்டுல கோடு போட்ட மாதிரி ஓட்டுறியேம்மா."

"அதான் எனக்கும் புரியல. அந்த வண்டியில உக்காந்தா எனக்கு என்னமோ ஆயிடுது. எனக்கு இதெல்லாம் வராதோ என்னமோ."

அந்தக் கடைசி வார்த்தை என் மனைவியை ஏதோ செய்துவிட்டது. போன மாதம் எங்கள் தெருமுனைத் தச்சரும் அதையேதான் சொல்லிவிட்டு நின்றுகொண்டார். அவரும் நடுக்கோட்டைத் தாண்டித்தான் தோற்றார். "என் கைக்கு நேராப் போகத் தெரியல டீச்சர், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை.

நர்ஸ் போனதும் என் மனைவி என் மேசைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, பலகையை ஒத்தக் கண்ணை மூடிப் பார்த்தே கோணல் எங்கன்னு சொல்ற மனுஷன் அவரு. அவர் கைக்கா நேராப் போகத் தெரியாது?"

நான் பதில் சொல்வதற்குள் சாவியை எடுத்துக்கொண்டாள். "வாங்க, ஒரு எட்டு போயிட்டு வரலாம்."

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீளமான சாலை உண்டு. சாயங்காலத்தில் அங்கே ஈ காக்காய் இருக்காது. அவள் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில். நிதானமான வேகத்துக்கு வந்ததும், "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். கார் கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாகப் போனது. பிறகு மெல்ல, யாரோ கூப்பிட்டதுபோல, இடப்பக்க நடைபாதையைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அவள் பிரேக்கை அழுத்தினாள். மறுபடி ஓட்டினாள், மறுபடி கையை எடுத்தாள். மறுபடியும் இடப்பக்கம்.

"இது எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். எனக்கு மெதுவாக உறைத்தது. சிலருக்கு ஒரு தோள் இறக்கமாக இருக்கும். நாங்கள் அளவெடுக்கும்போதே அதற்கேற்ப வெட்டிவிடுவோம். சட்டை கச்சிதமாக உட்காரும், தனக்குத் தோள் இறக்கம் என்பது அந்த ஆளுக்குக் கடைசிவரை தெரியாது. இந்த வண்டியின் இழுப்புக்கு ஏற்ப இவள் கை தானாகவே வலப்பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. இவள் சொல்லிக்கொடுத்த அத்தனை பேரும் அப்படியே பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இந்த வண்டியில் அது நேராகப் போகும். அலுவலகத்தின் நல்ல வண்டியில் அதே பிடி நடுக்கோட்டைத் தாண்டிவிடும்.

"என் பாடம்தாங்க அவங்கள ஃபெயிலாக்கினது" என்றாள். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். இவ்வளவு வருடத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மெக்கானிக்கிடம் போனோம். அவர் முன்பக்கத்தைத் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினார். சக்கரம் ஆடும் பல்போல் ஆடியது. சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறது, அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது, ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடின் முனையும் தேய்ந்துபோயிற்று என்றார். மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருகுவதும், இடப்பக்கம் ஒதுக்குகிறேன் என்று நடைபாதையில் இடிப்பதும்தான் காரணமாம். எல்லாம் சரி, ஆனால் அவர் பட்டறையில் அடுத்த வாரக் கடைசி வரைக்கும் இடம் இல்லை.

"அப்ப பார்ட்ஸ் மட்டும் எடுத்துக் குடுங்க. வீட்டுலயே மாத்திக்கிறேன்" என்றாள் என் மனைவி.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "டீச்சர், இது என்ன சமையலா?"

"எங்க வீட்டுல சமையல் அவர் பண்றாரு. எனக்கு வண்டிதான் தெரியும்."

மெக்கானிக் முகத்தில் ஈ ஆடவில்லை. என் முகத்திலும்தான். ஆனால் அவள் சும்மா சொல்லவில்லை. அந்தப் பட்டறைக்கு வண்டி போகும்போதெல்லாம் அவளும் கூடவே போய், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எது முதலில் கழலும், எதை எதற்குப் பின் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கையால் செய்ததுதான் கிடையாது.

வேறு வண்டியை இரவல் வாங்கி நர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று வழியில் கேட்டேன். தன் பக்கம் பிரேக் இல்லாத வண்டியில் பாடம் நடத்த அனுமதி கிடையாது என்றாள். அதோடு, "தப்பு என் வண்டியில இருக்கு. அதை இழுத்து வெளிய போடாம எனக்குத் தூக்கம் வராது" என்றாள். இவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பாள் என்பது எனக்குத் தெரியும், அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டின் பின்னால், துணி காயப்போடும் கொடிக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும் சிமெண்ட் தரையில் வேலை ஆரம்பமானது. நான் கடையைச் சாத்திவிட்டு எடுபிடியானேன். பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு இரும்பு ஸ்டாண்டில் இறக்கினாள். கழற்றிய சக்கரங்களையும் விடவில்லை, படுக்கவைத்து வண்டிக்குக் கீழே தள்ளினாள். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி சக்கரத்தின்மேல்தான் உட்காருமாம், ஆளின்மேல் இல்லை. பிறகு வண்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் நான் கிட்டே போனேன்.

மாடிவீட்டுக்காரர் காப்பி டம்ளரோடு பால்கனிக்கு வந்துவிட்டார். அவரும் இவளிடம் கார் கற்றுக்கொண்டவர்தான். ஊரில் எந்த வேலை நடந்தாலும் அவருக்கு ஒரு யோசனை இருக்கும், கேட்காமலே கிடைக்கும்.

"பட்டறையில வண்டியைத் தூக்குற லிஃப்ட் இல்லாம இதெல்லாம் ஆகாதும்மா."

"நீங்க நிக்கிற உசரமே லிஃப்ட்தான், அங்கருந்தே பாருங்க சார்" என்றாள் இவள், தலையைத் தூக்காமல்.

முதல் நட்டே அசையவில்லை. துரு பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் தெளித்துக் காத்திருந்தாள். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஸ்பானரின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தாள். நானும் சேர்ந்து இழுத்தேன். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் அது கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, நான் பட்டுச் சேலை வாங்கிக் கொடுத்த அன்றுகூட அப்படி வரவில்லை.

அடுத்தது டை ராடு முனை. நட்டைக் கழற்றிய பிறகும் அது தன் பள்ளத்தில் இறுகிக்கிடந்தது. மரையின்மேல் அடித்தால் மரை கெட்டுவிடும், அது உட்கார்ந்திருக்கிற இரும்பைத்தான் பக்கவாட்டில் அடிக்க வேண்டும் என்றாள். அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். மாடியிலிருந்து, "மெதுவா, மெதுவா" என்று குரல் வந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து அடித்த அடியில் டப்பென்று விட்டுக்கொண்டது.

பழைய முனையைச் சுற்றிச் சுற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். புதியதையும் அதே அளவு சுற்றிவிட்டால் சக்கரம் ஏறக்குறைய பழைய நிலையில் நிற்கும். அவள் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரம் பார்த்து, "டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு... பன்னெண்டு... ஆமா போடுங்க... ஐயோ!"

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. டீ போட்டுக் கொண்டுவந்தேன், அது மட்டும் உண்மை.

மதியத்துக்குள் வளைந்துபோன லோயர் ஆர்ம் வெளியே வந்தது. அவள் பழையதையும் புதியதையும் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். தனியாகப் பார்த்தால் பழையதில் ஒரு குறையும் தெரியாது. மேலே வைத்தபோதுதான் ஒரு விரல் அகலத்துக்கு விலகி நின்றது. அவள் குந்தி உட்கார்ந்தபடி அந்த விலகலை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிளாட்பாரத்துல இடிச்சவங்ககிட்ட எல்லாம், ‘பரவால்ல, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல’ன்னு சொல்வேன். ஆயிருக்குங்க. ஒவ்வொரு பரவால்லயும் இதுல இருக்கு."

"அப்படிச் சொல்லலைன்னா எவனும் மறுநாள் வந்திருக்கமாட்டான்" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, எனக்கே ஒரு நாள் அனுபவம் இருக்கிறது.

புதியதை மாட்டி எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்கக் கூடாதாம். இறுக்கினால், வண்டி தரையில் உட்காரும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். சக்கரத்தை மாட்டி, வண்டியின் முழு எடையையும் அதன்மேல் இறக்கிவிட்டுத்தான் கடைசி இறுக்கு. ஆனால் தரையில் இறக்கினால் கை நுழைய இடம் இருக்காது. நான்கு சக்கரத்துக்கும் கீழே கனமான பலகை வேண்டும்.

"தச்சர்கிட்டதான் இருக்கும்" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "போய் வாங்கிட்டு வாங்க. ஆனா எதுக்குன்னு சொல்லாதீங்க. அதை நான்தான் அவர்கிட்ட சொல்லணும்."

தச்சர் எதற்கென்று கேட்கவில்லை. அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவி, ஒற்றைக் கண்ணை மூடி அதன் விளிம்பை நீளவாக்கில் பார்த்தார். கோணல் என்று தள்ளிவைத்தார். இன்னொன்றை எடுத்தார், பார்த்தார், என்னிடம் நீட்டினார். "இது நேரா இருக்கும். டீச்சர் நல்லா இருக்காங்களா?" நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு, சைக்கிள் வண்டியில் பலகைகளை ஏற்றிக்கொண்டு வேகமாக வந்துவிட்டேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

இறுக்கியதைத் தளர்த்தி, இறக்கி, வண்டியின் கீழே மல்லாந்து படுத்து மறுபடி இறுக்கினாள். மிச்சம் இருந்தது முன்சக்கரங்களை நேர்ப்படுத்துவது. எண்ணிக்கையைத்தான் நான் கெடுத்துவிட்டேனே. பட்டறையில் அதற்கென்று மெஷின் இருக்கிறது. எங்களிடம் இருந்தது என் நூல்கண்டும் என் அளவு நாடாவும். வண்டியின் இரண்டு பக்கமும் நாற்காலிகளை நிறுத்தி, பின்சக்கரத்துக்கு இணையாக முன்னும் பின்னும் நூலை இழுத்துக் கட்டினோம். நூலிலிருந்து முன்சக்கர வளையத்தின் முன் விளிம்புக்கு எவ்வளவு, பின் விளிம்புக்கு எவ்வளவு என்று நான் அளந்து சொல்லச் சொல்ல, அவள் டை ராடைத் துளித் துளியாகத் திருப்பினாள். அன்றைக்கு முழுதும் நான் அவமானப்படாத ஒரே வேலை அதுதான். நூல் தொய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும், நாடாவைச் சாய்த்துப் பிடித்தால் பொய் சொல்லும். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. வெயில் இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வந்துவிட்டது.

எல்லா நட்டையும் மறுபடி ஒரு முறை தொட்டுப் பார்த்து, இறுக்கியதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின்மேலும் என் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, அவள் தனியாக ஓட்டிப் பார்க்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் செத்திருந்தது.

"வலது பக்கம் போகுதுங்க."

மாடியிலிருந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மாடிவீட்டுக்காரர். அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது.

மறுபடி நூலைக் கட்டினோம். மறுபடி அளந்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. "கையை விட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். அப்பவும் வலப்பக்கம்தான். ஆனா விடும்போதே என் கை ஒரு தள்ளு தள்ளிட்டு விடுதோன்னு சந்தேகமா இருக்கு. வண்டியா, கையான்னு எனக்கே தெரியல."

தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். அங்கே இருக்கிற எல்லாரும் இவளிடம் கற்றவர்கள். எல்லார் கையும் வலப்பக்கம் இழுக்கிற கை. கடைசியில் அவள் பார்வை என்மேல் வந்து நின்றது.

"முடியாது" என்றேன்.

"இந்த ஊர்லயே என் பாடம் ஏறாத கை உங்க கைதாங்க. ஏறி உக்காருங்க."

கிடங்குச் சாலையில் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, அவள் தன் பிரேக்கின் பக்கம் உட்கார்ந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. பழைய நாளாக இருந்தால் அந்த இடத்தில் எங்களுக்குச் சண்டை வந்திருக்கும். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது முறை வண்டி நகர்ந்தது. நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஊர்ந்து ஊர்ந்து போய் ஒரு வேகத்துக்கு வந்தது.

"இப்போ கையை எடுங்க."

"என்னது?"

"எடுங்க. பிரேக்ல நான் இருக்கேன்."

எடுத்தேன். கண்ணையும் மூடிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. மூடவில்லை, நல்லவேளை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. நடுக்கோடு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. முதல் கிடங்கு, இரண்டாவது கிடங்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தாண்டியும் அது நேராகவே போனது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஆனால் கால் மட்டும் பிரேக்கின்மேல்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நர்ஸ் இரவு வேலை முடிந்து நேராக வந்தாள். அவளை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே என் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஒன்றையும் மறைக்கவில்லை. நர்ஸ் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தடவையும் வீட்டுக்குப் போய் அழுதேன் டீச்சர். என் பொண்ணு பாத்துட்டா."

"தெரியும்மா. என்ன திட்டணுமோ திட்டிடு."

"திட்டுறதுக்கு நாளைக்கு அப்புறம் டைம் இருக்கு. இப்ப ஓட்டலாம்."

அன்று முழுதும் இரண்டு பேரும் அந்தச் சாலையைத் தேய்த்தார்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தால் பழைய கை வந்துவிடும் என்பதால் விரல் நுனியால் மட்டும் பிடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் நர்ஸ் ஓட்டுவாள், பிறகு இடம் மாறி இவள் ஓட்டுவாள். "டீச்சர், இப்ப நீங்க கோட்டைத் தாண்டுறீங்க" என்று நர்ஸ் சொல்வதும், இவள் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்வதுமாகப் போயிற்று. மதியச் சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் இரண்டு மணி நேரம் பின்சீட்டிலேயே தூங்கி எழுந்து மறுபடி ஓட்டினாள். வெளிச்சம் குறைந்த பிறகுதான் இருவரும் இறங்கினார்கள்.

திங்கட்கிழமை லைசென்ஸ் அலுவலகத்தின் கம்பி வேலிக்கு வெளியே நானும் என் மனைவியும் நின்றோம். உள்ளே அலுவலகத்தின் வெள்ளைக் கார் வளைவுகளை முடித்துக்கொண்டு, நீளமான நேர்ப்பாதைக்கு வந்தது. இரண்டு முறையும் தோற்ற இடம் அதுதான். நர்ஸின் முகம் கண்ணாடி வழியாகச் சின்னதாகத் தெரிந்தது. பக்கத்தில் தேர்வு அதிகாரி மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கார் கிளம்பியது. என் மனைவியின் கைகளைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். அவை காற்றில் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. கார் முன்னே வர வர, அவை மெதுவாக வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்தன. அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து நேராக நிறுத்திக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. என் பிடிக்குள் அவள் கை வலப்பக்கம் முட்டிக்கொண்டே இருந்தது, நான் விடவில்லை. வெள்ளைக் கார் கோட்டின் ஓரமாகவே நேராக வந்து, எங்களைத் தாண்டி, நேராகவே போய் நின்றது.

நர்ஸ் இறங்கினாள். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. போனை எடுத்து, "அம்மா பாஸாயிட்டேன்டி செல்லம்" என்று சொன்னது மட்டும் வேலி வரைக்கும் கேட்டது. பிறகு வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். திட்டுவதற்கு அவள் மறந்தே போனாள்.

நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். என் மனைவி பின்சீட்டைக் காட்டினாள். தச்சரின் பலகைகளைக் காலையிலேயே துடைத்து ஏற்றிவைத்திருந்தாள்.

தச்சர் இழைப்புளியோடு குனிந்திருந்தார். நாங்கள் பலகைகளோடு வருவதைப் பார்த்து, "இதுக்கு என்ன அவசரம் டீச்சர்?" என்றார். என் மனைவி சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க கோட்டைத் தாண்டினது உங்களால இல்ல. என் வண்டி இடப்பக்கம் இழுத்துச்சு. அதுல கத்துக்கிட்டதால உங்க கை வலப்பக்கம் போச்சு. நான் அதைக் கண்டுபிடிக்கல. இப்ப வண்டியைச் சரி பண்ணிட்டேன். நாளைக்கு வாங்க."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மரத்தூள் ஒட்டியிருந்த தன் வலது கையை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு மாதமாக அந்தக் கையை அவர் என்னவெல்லாம் நினைத்திருந்தாரோ.

"அப்ப என் கை சரியாத்தான் இருக்கா டீச்சர்?"

"உங்க கை சரியாத்தான் இருக்கு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு குனிந்து இழைக்கத் தொடங்கினார். சுருள் சுருளாக மரச்சீவல் அவர் காலடியில் விழுந்தது. நாங்கள் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"காலையில எத்தனை மணிக்கு வரட்டும்?"